கார்களை எண்ணுகிறோம், கட்டில்களை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எழுதுபவர்களில் பாதிப் பேர் ஓட்டல் நடத்துபவர்கள். மீதிப் பேர் பாஸ் கிடைக்காமல் பாதி வழியில் திரும்பியவர்கள். நான் மூன்றாவது ரகம். குன்னூரில் என் அப்பா கட்டிய வீட்டை, பெங்களூரு அல்சூரில் உட்கார்ந்துகொண்டே நான்கு ஆண்டுகள் நாள் வாடகைக்கு விட்டவன். அதுவும் உரிமம் எதுவும் வாங்காமல். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது அதனால்தான்.

அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பணத்தில் மூன்று அறையும் தகரக் கூரையுமாக அந்த வீட்டைக் கட்டினார். அம்மாவும் போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. மலையில் பூட்டிய வீட்டுக்கு ஒரு மழைக்காலம் போதும், சுவரெல்லாம் பூசணம். அப்போதுதான் இங்குள்ள நிறுவனம் ஒன்று தேடி வந்தது. சாவியைக் கொடுத்தால் போதும், படமெடுத்துச் செயலியில் போடுவது முதல் விரிப்பு வெளுப்பது வரை தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மாதம் பிறந்தால் வங்கியில் பணம். விளம்பரத்தில் ‘ஹோம்ஸ்டே’ என்று போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் குடும்பம் என்று சொல்ல, கூடத்தில் மாட்டியிருந்த அப்பா அம்மா படம் ஒன்றுதான் இருந்தது. பிறகு அதையும் கழற்றிவிட்டார்கள். விருந்தினர்களுக்குப் பயமாக இருக்கிறதாம்.

வந்தவர்கள் பெரும்பாலும் நம் பெங்களூருக்காரர்கள். வெள்ளிக்கிழமை மதியமே அலுவலகத்திலிருந்து நழுவி, பந்திப்பூரில் இரவு 9 மணிக்கு வழி அடைபடுவதற்குள் காட்டைத் தாண்டி, பதினொன்றரை மணிக்குக் குன்னூர் போய்ச் சேருவார்கள். சாவி எங்கே என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அங்கே தனியாக இருப்பவர் எழுபத்திரண்டு வயது அக்கா. என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். ரேலியா அணையை நம்பியிருக்கும் ஊரில், கோடையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைப்பவர். அவர் நான்கு குடத்தை வைத்து மூன்று நாள் ஓட்டும்போது, என் வீட்டுத் தொட்டியில் லாரித் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

ஒருமுறை விருந்தினர்கள் பின்பக்கம் கொட்டிவிட்டுப் போன பிரியாணிக்குக் கரடி வந்தது. ருசி கண்டது சும்மா இருக்குமா? மறுவாரம் அக்கா வீட்டுச் சமையலறைக் கதவைப் பெயர்த்து எண்ணெய்ப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது. அக்கா என்னைத் திட்டவில்லை. “தம்பி, கரடி வந்தால்கூடக் கால் தடம் இருக்கிறது. உன் வீட்டுக்கு வருகிறவர்கள் யார் என்றே தெரியவில்லையே” என்றார்.

எனக்கும் தெரியாது என்பது அடுத்த மாதமே அம்பலமானது. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. வெளிநாட்டவர் ஒருவர் என் வீட்டில் மூன்று இரவு தங்கியிருக்கிறார். வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவித்து 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய ‘சி’ படிவம் போகவில்லை. வந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று என்னைக் கேட்டார்கள். நான் அல்சூரில் இருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, அது எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். நிறுவனத்தைக் கேட்டால், படிவம் உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைக் காட்டினார்கள்.

அன்றுதான் விதிகளை எடுத்துப் படித்தேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே விதிகளின்படி ஆறு அறைக்கு மேல், 12 படுக்கைக்கு மேல் கூடாது. உரிமையாளர் குடும்பத்தோடு அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். மற்றதெல்லாம், தீயணைப்புக் கருவி முதல் வெந்நீர் வரை, காசு கொடுத்தால் வந்துவிடும். குடியிருப்பது மட்டும் காசுக்கு வராது. என் வீடு அந்த ஒரு வரியிலேயே தோற்றுவிட்டது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கல்லாறு, கக்கநல்லா சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் 8,000 வண்டியில் வண்டிக்கு நான்கு பேர் என்றால் 32,000 பேர். அவர்களில் பாதிப் பேர் தங்கினாலும் பதினாறாயிரம் தலையணை வேண்டும். அதில் எத்தனை என் வீட்டைப் போன்ற கள்ளக் கூரைகளின் கீழ் இருக்கிறது என்று யார் எண்ணுகிறார்கள்?

பாஸ் எடுக்கும்போதே தங்கும் இடத்தின் பதிவு எண்ணைக் கேட்கட்டும். எண் இல்லாத இடத்துக்கு இரவுத் தங்கலுக்கான பாஸ் இல்லை என்று சொல்லட்டும். அதே எண் இல்லாமல் செயலிகள் விளம்பரம் போடக் கூடாது. பிறகு அதிகாரிகள் சீல் வைப்பதற்காகச் சந்து சந்தாக அலைய வேண்டியதில்லை.

இதில் அடிபடக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் தாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் விட்டு, காலையில் தாங்கள் சாப்பிடுவதையே விருந்தினருக்கும் பரிமாறும் குடும்பங்கள் உண்டு. அவர்களை நகராட்சி, காவல், தீயணைப்பு, சுற்றுலா என்று நான்கு வாசல் ஏற்றி இறக்காமல் ஒரே மேசையில் பதிவு முடிய வேண்டும். என்னைப் போன்ற வெளியூர் முதலாளிகளுக்கு வேண்டுமானால் பத்து மேசை போடுங்கள்.

என் சொத்து, என் இஷ்டம் என்பவர்களுக்கு ஒரு தகவல். வீட்டை இப்போது மாத வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவர் ஒரு செவிலியர். ஊரில் வாடகை வீடு கிடைக்காமல் மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி மலைக்கு வந்துகொண்டிருந்தவர். வருமானம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று என் மனைவி அதை நினைவூட்டத் தவறுவதில்லை.

வீட்டைத் திருப்பி வாங்கியபோது பீங்கான் தட்டு முதல் கால் மிதியடி வரை கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அப்பா அம்மா படத்தைக் காணவில்லை. நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.

இப்படிக்கு,
குன்னூர்க்காரன்,
அல்சூர், பெங்களூரு