முதலில் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நாங்கள் வேற்றுக் கிரகத்தவர்’ என்று ஒரு குடும்பமே நம்புவதை உங்கள் கட்டுரை விநோதச் செய்தியாகவே முடித்துவிட்டது வருத்தமளிக்கிறது.

வீட்டில் நாலு பேருக்கும் ஒன்றாக, இப்படி நம்ப வைக்கும் மனநோய் வருவது அரிது. பெரும்பாலும் ஒருவருக்குத்தான் நோய். மற்றவர்கள் அவரோடு அடைந்து கிடந்து அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர்கள். பிரெஞ்சு மருத்துவர்கள் லாசேக், ஃபால்ரே இருவரும் 1877-லேயே இதை விவரித்துவிட்டார்கள். சொல்பவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சில்லை, கேட்பவர்கள் அவரை அண்டியிருப்பவர்கள், வெளியாள் வரத்து கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் கிரகம் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை வைத்தார் என்பதும் பரவும்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். எந்தக் கிரகம், எப்போது தெரிந்தது, யார் சொன்னது? நோயுள்ளவர் தடங்கலில்லாமல் விவரம் அடுக்குவார். மற்றவர் இரண்டாவது கேள்வியிலேயே ‘அதை அவரைத்தான் கேக்கணும்’ என்று வாசலைப் பார்ப்பார். சேர்த்து உட்கார வைத்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. வாதாடவும் கூடாது, ஒத்து ஊதவும் கூடாது. தூக்கம், சாப்பாடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று கேட்டால் பேச்சு வளரும். ‘கிளம்பும் நாள்’, அதாவது கிரகத்துக்குப் போவதாக எண்ணி உயிரை விடும் நாள், குறித்திருக்கிறார்களா என்பதை மட்டும் நேராகவே கேளுங்கள். குறித்திருந்தால் அன்றே மருத்துவமனை.

அடுத்தது முதலில் சொன்னவரிடமிருந்து மற்றவர்களைப் பிரித்து வைப்பது. மற்றவர்களில் பலருக்கு அதிலேயே பிடி தளரும், சிலருக்கு மருந்தும் வேண்டும். முதலில் சொன்னவருக்கு மருந்து அவசியம். தைராய்டு, பி12 குறைபாடு உண்டா என்று ரத்தமும் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரை முழுப் பலன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகலாம். காரியம் கெடுவது இங்கேதான். பத்தே நாளில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறார்கள், அவர் தெளியும் முன்பே பிள்ளைகளை அதே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரையைச் சோற்றில் கலப்பது எல்லாவற்றிலும் மோசம். தெரிந்துவிட்டால் ‘விஷம் வைக்கிறார்கள்’ என்ற சந்தேகத்துக்கு நாமே சாட்சி.

வர மறுப்பவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்கலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள். இனி இப்படிச் செய்தி போட்டால் பிள்ளைகளின் முகத்தையும் வீட்டுப் படத்தையும் தவிர்த்து, அந்த எண்ணைக் கட்டாயம் அச்சிடுங்கள்.

மனநலச் சமூகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை