முருங்கையைத் தள்ளிவிட்டு எதை வைக்கப் போகிறீர்கள்? மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் அரசு வாரியக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பூங்கா இடம் இருக்கிறது. அதில் நாங்களே காய்கனி மரங்களும் கீரையும் வைத்து வளர்த்து வந்தோம். அந்த இடம் பற்றிய எங்கள் மனுக்கள் உங்கள் அலுவலகத்திலும் மண்டல அலுவலகத்திலும் இருக்கின்றன. பகுதி சபைக் கூட்டத்திலும் பேசிவிட்டோம். அதனால் பழைய கதையை மறுபடியும் எழுதவில்லை. போன வாரம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

காலையில் ஒரு ஜேசிபி வந்தது. முருங்கை, அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை, முதல் தடவையாகப் பூ வைத்திருந்த கொய்யா என்று எல்லாவற்றையும் வேரோடு தள்ளிவிட்டது. ஓடிப்போய்க் கேட்டோம். "பேவர் பிளாக் போட ஆர்டர் வந்திருக்கு" என்றார் ஒப்பந்தக்காரர். ஆர்டரைக் காட்டச் சொன்னோம். ஆபீசில் போய்க் கேளுங்கள் என்றார். ஆபீசில், அங்கே மரம் இருந்ததாகக் கோப்பில் எதுவும் இல்லையே என்றார்கள். இல்லைதான். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வாய்மொழி அனுமதி. எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட ஒவ்வொரு முறையும், "நீங்க வைங்க, பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் வந்தது.

ஆகவே கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தைப் பொது உணவுக்காடாக, அதாவது காய், கனி, கீரையை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளும் தோப்பாக, அறிவித்து, பராமரிக்கும் பொறுப்பைக் குடியிருப்போரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூங்காவில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. மோட்டார் அறைச் சாவி ஒப்பந்தக்காரரிடம். திறக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியது பூங்காப் பிரிவா, குடிநீர்ப் பிரிவா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அதனால் சித்திரையிலும் வைகாசியிலும் கன்றுகளைக் காப்பாற்றியது குடியிருப்புப் பெண்கள். லாரித் தண்ணீரைப் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போவது அவர்கள்தான். அந்தத் தண்ணீரில் அரிசி களைந்து, கீரை அலசி, மிஞ்சியதைக் குடத்தில் சேர்த்து மறுபடி கீழே இறக்கிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தூய்மைப் பணியாளர். விடியும் முன்பே தெருக்கூட்டப் போய்விட்டு வந்து, மூட்டு வலியோடு மூன்றாவது மாடியிலிருந்து குடம் இறக்குவார். மகள் பிள்ளைத்தாய்ச்சி. ரத்தம் குறைவாக இருக்கிறது, மாத்திரையோடு முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா தண்ணீர் ஊற்றிய முருங்கையும் அன்று போய்விட்டது. அவருக்கு நாங்கள் என்ன சொல்வது? அதை மட்டுமாவது உங்கள் அதிகாரிகள் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. சில வருடங்களில் கார்த்திகை, மார்கழி வந்தால் முருங்கைக்காய் விலை கிலோ பல நூறு ரூபாய்க்குப் போய்விடுகிறது. ஒரு போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, ஊன்றினால் வளர்ந்து நிற்கிற மரம் அது.

உங்கள் அலுவலகம் சொல்லும் தடைகள் தெரியும். காய்க்கும் மரம் வைத்தால் மகசூலை ஏலம் விட வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்பது முதல் தடை. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடும் வழக்கம் இருக்கிறது, சரி. அது வருமானத்துக்காக. இங்கே விளைவது ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பிடிக் கீரையும் நாலு காயும். 'இந்த இடத்தின் விளைச்சல் பொதுமக்களின் இலவசப் பயன்பாட்டுக்கு' என்று மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் தணிக்கைக்குப் பதில் எழுத்திலேயே இருக்கும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் பழைய பெக்கான் (pecan) கொட்டைப் பண்ணை ஒன்றை, சுமார் 7 ஏக்கர், 2019-இல் நகர மன்றமே ஒப்புதல் கொடுத்துப் பொது உணவுக்காடாக்கியிருக்கிறது. சியாட்டில் நகரின் பீக்கன் ஹில் (Beacon Hill) பகுதியில் 2012 முதல் இன்னொன்று வளர்கிறது. அந்த நிலம் நகரத்தின் பொதுச்சேவைத் துறைக்குச் சொந்தம், உழைப்பு பெரும்பாலும் தன்னார்வலர்களுடையது. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் போய்ப் பறிக்கலாம்.

பறிப்பதில் சண்டை வரும் என்பது இரண்டாவது தடை. எங்கள் இடத்தில் வரவில்லை. கீரையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கிறது, அதற்கு யார் சண்டை போடுவார்கள்? முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும், கிளை சட்டென்று ஒடியும் என்பது மூன்றாவது. இது நியாயமான கவலை. அதனால்தான் முருங்கையை நடைபாதைக்கும் குழந்தைகள் விளையாடும் பக்கத்துக்கும் தள்ளி வைத்திருந்தோம். வருடா வருடம் கவாத்து செய்தால் கைக்கு எட்டும் உயரத்திலேயே நிற்கும். நாவல் மரம் வண்டிகளின் மேல் பழத்தைக் கொட்டிக் கறையாக்கும் என்பதால் அதை உள்ளே தள்ளி நடத் திட்டமிட்டிருந்தோம்.

வரைபடமும் உங்களிடம் கொடுத்திருக்கிறோம். மேலே மா, பலா, நாவல். அடுத்த உயரத்தில் கொய்யா, நெல்லி, சீத்தா, எலுமிச்சை. கீழே மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, நிழலில் சேனையும் சேப்பங்கிழங்கும். கிளுவை உயிர்வேலியில் தூதுவளை, பிரண்டை, முசுமுசுக்கை. கட்டட இடிபாடு கொட்டிக் கெட்டுப்போன மண் அது. பலதானியம் விதைத்து, பூக்கும் நேரத்தில் செடிகளை மண்ணிலேயே மடக்கி, மேலே இலைதழையால் மூடாக்குப் போட்டுத்தான் அதை மண்ணாக்கினோம். ஜேசிபி மரத்தோடு அந்த மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மரத்தைவிட அதுதான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். கன்று நர்சரியில் கிடைக்கும், மண் கிடைக்காது.

இந்த நேரத்தில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பூங்காக்களிலும் சாலை நடுவிலும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்ற நகரங்களுக்குப் பணம் இருந்தது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசே அந்த மரத்துக்குத் தடை போட்டது. இப்போது அதைப் பிடுங்கவும் பணம் செலவாகிறது. நடைபாதை போடும்போது மரத்தின் அடிவரை சிமெண்ட் பூசி வேரை மூச்சுத் திணற வைக்கவும் பணம் இருக்கிறது. அரசின் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்கிறது. அதற்குக் காசு கேட்காமல் மரம் வளர்க்கிறவர்களின் மரத்தைத் தள்ளுவது எந்தக் கணக்கில் சேரும்? நாங்கள் குடியிருக்கும் இடம் வாரியக் குடியிருப்பு என்பதால்தான் எங்கள் மரங்கள் கோப்பில் ஏறவில்லையா? வேறு பேட்டையில் குடியிருப்போர் சங்கம் வைத்த மரமாக இருந்தால் ஜேசிபி கேட்காமல் வந்திருக்குமா?

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பது நியாயமானது. அந்த நிலம் மனைப்பிரிவு போட்டபோது பொதுப் பயன்பாட்டுக்கென்று மாநகராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. பொதுமக்கள் சாப்பிடுவதைவிட வேறென்ன பொதுப் பயன்பாடு?

தயவுசெய்து பேவர் பிளாக் வேலையை நிறுத்தி வையுங்கள். உணவுக்காட்டுக்கான தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்தில் வையுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதியும் மோட்டார் அறைச் சாவியும் குடியிருப்போர் குழுவிடம் கொடுங்கள். குப்பையை உரமாக்கும் பக்கத்து நுண் உர மையத்திலிருந்து உரம் தந்தால் ஏற்றிக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு. புரட்டாசி முடிவதற்குள் உத்தரவு கிடைத்தால் ஐப்பசி மழையிலேயே நட்டுவிடலாம், லாரித் தண்ணீரைத் தொட வேண்டியிருக்காது. நேரில் விளக்க எந்த நாள் வரச் சொன்னாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
பூங்கா இடத்தைப் பராமரித்து வந்த குடியிருப்போர் சார்பில் ஒருவர்