ஒரே நடைக்கு இரண்டு கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் 'பெண்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி, ஆண்களுக்கு 2,500' என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். எந்தப் பெண்ணுக்கு என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 52. உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ. உடம்புக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று கணக்கிட, 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் இன்று பலரும் பயன்படுத்துகிறார்கள். எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். அப்புறம் பெண் என்றால் 161 கழித்தல், ஆண் என்றால் 5 கூட்டல். எனக்கு 1,207 வந்தது. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிப்பது இவ்வளவு. இதில் பத்து வயது கூடினால் குறைவது வெறும் 50 கலோரி. நானோ இத்தனை நாள் எடை ஏறுவதற்கான பழி முழுவதையும் வயதின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்!

சரி, கோட்டை விட்டது அடுத்த படியில். வந்த எண்ணை உழைப்புக்கு ஏற்றபடி பெருக்க வேண்டும்: உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, கொஞ்சம் நடமாடுபவருக்கு 1.375, மிதமாக உழைப்பவருக்கு 1.55. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறோமே என்று தைரியமாக 1.55 போட்டேன், 1,870 வந்தது. மீதிப் பொழுதெல்லாம் நாற்காலியில் என்பது நினைவுக்கு வரவில்லை. 1.2 போட்டிருந்தால் 1,448தான். வித்தியாசம் 420-க்கு மேல். என் எடைக்கு அந்த நடையில் கரைவதோ சுமார் 150. போதாததற்கு, அந்த 1.55-இலேயே நடையும் அடக்கம் என்பதை மறந்து, கைக்கடிகாரம் காட்டிய நடைக் கலோரியையும் தனியாகக் கூட்டிச் சாப்பிட்டு வந்தேன். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டது.

பிறகு மூன்று வாரம், வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுதினேன். காலையில் எழுந்ததும் எடை பார்த்து வாரச் சராசரி எடுத்தேன். ஏறக்குறைய 1,650-இல் முள் அசையாமல் நின்றது. கணக்குப்படி நான் 1.375 ஆசாமி. சூத்திரம் தருவது உத்தேசம்தான். ஒரே அளவுள்ள இருவருக்குக்கூட நூறு, இருநூறு முன்பின் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கணக்கே வேறு.

அடுத்த முறை அந்தப் பெட்டியில் இரண்டே எண்களைப் போடாமல் சூத்திரத்தையே அச்சிடுங்கள். 1.55-க்குப் பக்கத்தில், 'நடைக் கலோரியைத் தனியாகக் கூட்ட வேண்டாம்' என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி