மணிவிழா ஆண்டில் இருபது ஆயுதப் பெட்டிகள்

அன்பான ஸ்காபரோ உறவுகளே, பழைய மாணவர்களே, கராஜ் நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

ஊரில் மெக்கானிக்மார் ஸ்பனரையும் சுத்தியலையும் ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். சரஸ்வதி பூசைக்கு அவற்றை எண்ணெய் போகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். 2026 நவராத்திரிக்குள் அப்படி இருபது ஆயுதப் பெட்டிகளை நிரப்பி, சென்ரெனியல் கல்லூரியின் அஷ்ரன்பீ வளாகத்தில் வாகனத் தொழில் படிக்க வரும் இருபது பேரின் கையில் கொடுக்க முடிவெடுத்திருக்கிறோம். அதற்குத்தான் உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

அந்த ஒக்ரோபரில் சென்ரெனியலுக்கு 60 வயது நிறைகிறது. ஒன்ராறியோவின் முதல் சமுதாயக் கல்லூரி அது. பிறந்தது எங்கள் ஸ்காபரோவில். உலகப் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் உயர்பள்ளி முடித்துக் கூட்டங்கூட்டமாக வெளியே வந்த காலம். பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கு மேற்கொண்டு படிக்க வழி குறைவு. தொழிற்சாலைகளிலோ பயிற்சி பெற்ற கைகளுக்குத் தட்டுப்பாடு. 1965இல், மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த வில்லியம் டேவிஸ் இந்தக் கல்லூரிகளுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே, 1966 ஒக்ரோபரில், வோர்டன் அவெனியூவில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 514 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. 1967இல் கனடாவுக்கு நூறு வயது என்பதால் கல்லூரிக்கும் நூற்றாண்டின் பெயரையே வைத்தார்கள். இன்று மாகாணத்தில் இப்படி 24 அரச கல்லூரிகள் இருக்கின்றன.

401 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கல்லூரியின் புரோகிரஸ் வளாகத்தைத் தெரியும். டவுன்ஸ்வியூவில், டி ஹவிலண்ட் நிறுவனம் ஒரு காலத்தில் விமானம் கட்டிய இடத்தில், 2019 முதல் விமானப் பராமரிப்பு படிப்பிக்கிறார்கள். 1983க்குப் பிறகு ஊரை விட்டு வந்த எங்கள் சனத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் கனடியச் சான்றிதழ் இந்தக் கல்லூரியின் பெயரோடுதான் சுவரில் ஏறியது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இனி, காசு எதற்கு என்று சொல்கிறோம். ஒன்ராறியோவில் கார் மெக்கானிக்காக உரிமம் பெற 7,220 மணிநேரம் பழக வேண்டும். அதில் வகுப்பறையில் கழிவது 720 மணிநேரம். மிச்சம் முழுவதும் கராஜில், சம்பளத்துக்கு. காரைத் தூக்கும் லிப்ற், பிழை காட்டும் ஸ்கானர் போன்ற பெரிய சாமான் கராஜ்காரருடையது. கையில் பிடிக்கும் ஆயுதம் தொழிலாளியின் சொந்தக் காசு. தொழிலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. நேர்முகத்துக்குப் போகும் பிள்ளையிடம் முதலில் கேட்பது, “சொந்தமாக ரூல்ஸ் (கருவிகள்) இருக்கா?”

இதை எழுதும் நான் 1996இல் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைய அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6.85 டொலர். முதல் நாள் காலை ஒரு பழைய காரின் பற்றறியைக் கழற்றச் சொன்னார்கள். நட்டுக் கழற்றும் 10 மில்லிமீற்றர் சொக்கெட் வேண்டும், என்னிடம் இல்லை. பக்கத்து மேசைப் பெரியவர் இரண்டு தரம் தந்தார். மூன்றாம் தரம் கேட்டபோது ஒன்றும் பேசாமல் இழுப்பறையைத் தள்ளி, பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரில் பிழையில்லை. அந்த இழுப்பறையில் இருந்தது அவருடைய இருபது வருட உழைப்பு. கிழமைக்கு ஒருநாள் கருவி விற்கும் ரூல் ட்ரக் கராஜ் வாசலுக்கு வரும், கடனுக்கும் தரும். வாங்கினேன். அந்தக் கடனைக் கட்டி முடிக்கும்வரை ஊருக்குக் காசு அனுப்பவில்லை. என்னோடு வகுப்பில் இருந்த இருவர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, நல்ல கைவாகு இருந்தும், பக்டரிக்குப் போய்விட்டார்கள்.

இன்று நிலைமை இலேசாகிவிடவில்லை. மத்திய அரசு தொழில் பழகுவோருக்குக் கட்டத்துக்கு 1,000 டொலராக, மொத்தம் 2,000 டொலர் வரை கொடுத்துவந்த ஊக்கத்தொகை 2025 மார்ச் 31உடன் நின்றுபோனது. வகுப்புக் காலத்துக்கு 4,000 டொலர் வரை வட்டியில்லாக் கடன் எடுக்கலாம். ஆனால் கடன் கடன்தான். கருவிச் செலவில் ஒரு பகுதியை வருமான வரிக் கணக்கில் காட்டலாம். அது வாங்கிய பிறகு வருகிற சலுகை. வாங்கவே வழியில்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

எங்கள் பட்டியலின்படி ஒரு பெட்டிக்கு 1,500 டொலர்; இருபதுக்கும் 30,000. சொக்கெட் செட், ஸ்பனர் செட், ஸ்குரூ டிரைவர்கள், பிளையர்கள், மல்ரிமீற்றர், ரொர்க் ரென்ச் (நட்டை அளவான இறுக்கத்துக்கு முறுக்கும் கருவி), பாதுகாப்புக் கண்ணாடி, பூட்டுள்ள பெட்டி. 10 மில்லிமீற்றர் சொக்கெட் மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று இருக்கும். என்ஜினுக்குள் விழுந்து காணாமல் போவது அதுதான் என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். பாவித்த கருவிகளையும் வாங்கிக்கொள்வோம், ரொர்க் ரென்ச் தவிர. அதன் அளவு பிசகியிருந்தால் சில்லுக் கழன்றுவிடும்.

பெட்டி தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். இல்லை. அந்த வகுப்பில் ஆப்கானியப் பிள்ளையும் இருக்கும், பிலிப்பினோப் பிள்ளையும் இருக்கும். தேவை யாருக்கோ அவர்களுக்கு. கார் வேலைக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை இல்லை. வரிவிலக்குப் பற்றுச்சீட்டு எங்களால் தர முடியாது. அது தேவைப்படுகிறவர்கள் கல்லூரியின் மாணவர் உதவி நிதிக்கே நேரடியாகக் கொடுங்கள், எங்களுக்கு அதுவும் சந்தோசம்தான். எங்களிடம் தரும் ஒவ்வொரு டொலருக்கும் கையொப்பமிட்ட சீட்டு உண்டு; கடை பில்களை எல்லோருக்கும் காட்டுவோம். இதே வட்டாரத்தில், ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் அமைந்த தமிழ் இருக்கைக்கு 2021க்குள் 30 இலட்சம் டொலர் சேர்த்த சனம் நாங்கள். அதிலே நூறில் ஒரு பங்கைத்தான் இப்போது கேட்கிறோம். 20 டொலர் தந்தாலும் ஒரு நல்ல ஸ்குரூ டிரைவர் வரும்.

செப்ரெம்பர் 30 வரை சேர்ப்போம். வாணிவிழா அன்று இருபது பெட்டிகளையும் திறந்து, படத்துக்கு முன்னால் அடுக்குவோம். சந்தனம் வைக்கப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
குழுவினர், ஸ்காபரோ