சத்துமு விளக்குக்கு ஒரு தமிழ் வரி

நம் கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் துறைமுக அதிகாரிகளுக்கும் மரபுடைமைக்குப் பொறுப்பானவர்களுக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூரின் மரீன் பரேட் வட்டார வாசி. காய்ந்த துணியை எடுக்க இரவில் சன்னலோரம் போனால், 25 மாடிக் கட்டடத்தின் உச்சியில் பிடோக் கலங்கரை விளக்கம் மின்னும். கென்னிங் கோட்டைக் குன்றில் 1903 முதல் எரிந்த விளக்கை உயரக் கட்டடங்கள் மறைத்தன. 1958இல் ஃபுல்லர்ட்டன் கட்டடத்துக்கு மாறியது, அங்கும் மறைத்தன. வாடகை வீட்டுக்காரரைப்போல அலைந்து, ஒருவழியாக அடுக்குமாடியிலேயே குடியேறிவிட்டது.

நான் எழுத வந்தது இடம் மாறாத ஒரு விளக்கைப் பற்றி. தென்மேற்கே, சத்துமு தீவில் நிற்கும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். சத்துமு என்றால் ஒற்றை மரம். 1854 மே 24 அன்று ஆளுநர் பட்டர்வொர்த் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டே விளக்கு எரிந்தது. 29 மீட்டர் உயர வெண்ணிறக் கோபுரம், உள்ளே முழுக்கக் கருங்கல்.

அந்தக் கல் உபின் தீவுக் கற்குழியிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்குப் படகில். போன மாதம் உபினில் மாங்காய் அளவு கல்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உப்பும் மிளகும் கலந்த நிறம், அதற்கே மணிக்கட்டு இறங்கியது. இப்படிப்பட்ட கல்லை வெட்டிச் செதுக்கி அடுக்கியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை எழுப்பியதும் அவர்களைப் போன்றவர்களே. அவர்களில் சென்னை மாகாணத்தார் உண்டு; ஆகவே தமிழ் பேசியவர்களும் அன்றைய சிங்கப்பூரில் இருந்தார்கள்.

யார் பெயரைச் சூட்டினார்களோ அந்த ராஃபிள்ஸ், நவீன சிங்கப்பூரை நிறுவிய பிரிட்டிஷ்காரர், அடிக்கல்லுக்குக் கிட்டத்தட்ட 28 ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். அவர் பெயர் இருக்கட்டும், எனக்கு வழக்கில்லை. பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி கேட்கிறேன், அவ்வளவுதான். அந்த விளக்கைப் பற்றி நீங்கள் வைக்கும் எந்தப் பலகையிலும், கண்காட்சியிலும், “இதன் கற்களை வெட்டி அடுக்கியவர்கள் இந்தியக் கைதிகள்” என்று தமிழிலும் எழுதுங்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றுதானே?

அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை எனக்குக் காட்டுங்கள். பொதுப் பலகைகளில் ஒற்றும் கொம்பும் இடம் மாறி நிற்பதைப் பார்த்துப் பழகிய கண் இது. கட்டணம் வேண்டாம், சத்துமுவுக்குப் போகும் படகில் ஓர் இடம் கொடுத்தால் போதும்.