ஏறிய கியரில்தான் இறங்கினேன், அப்பா

சிவாவா நகரம், மெக்சிகோ
2024 ஏப்ரல் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன வாரம் நான்கு நாட்கள் நான் தொலைபேசியை எடுக்கவில்லை என்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். நான் போயிருந்த பள்ளத்தாக்கில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. அன்று அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுதாக எழுதுகிறேன். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைச் செம்மேட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இத்தனை ஆண்டுகள் பேருந்து ஓட்டிய உங்களுக்கு, மலையில் வண்டி ஓட்டிய கதையை இரண்டு வரியில் சொல்லி முடிப்பது மரியாதையாகாது.

இங்கே புனித வாரத்துக்கு நான்கு நாட்கள் விடுமுறை. என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இந்த ஊர்க்காரர். அவருடைய டொயோட்டா பிக்கப்பில் சியரா மாத்ரே மலைத்தொடரின் செப்புப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டோம். ஒரே பள்ளத்தாக்கு என்று நினைத்துக்கொண்டு போனேன். உண்மையில் ஆறு பெரிய பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் ஆழமானது ஊரிக்கே; மேல் விளிம்பிலிருந்து ஆற்றுமட்டம் வரை 1,879 மீட்டர். பாறைச் சுவர்களின் செம்பும் பச்சையும் கலந்த நிறத்தால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள்.

முதல் நாள் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. குவாத்தேமோக் நகரைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள்; 1922இல் கனடாவிலிருந்து வந்து குடியேறிய, மென்னோனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளின் நேர்நேரான வயல்கள்; பிறகு பைன் காடு. மாலையில் கிரீல் என்ற ஊரை அடைந்தோம். அது 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் வண்டியின் முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. கீழே பெட்ரோல் கிடைப்பதை நம்ப முடியாது என்பதால் டாங்கை நிரப்பி, இரண்டு கேன்களிலும் பிடித்துக்கொண்டோம். புறப்படுவதற்கு முன் நான் ஓர் இரும்புக் கம்பியால் நான்கு டயர்களையும் ஸ்டெப்னியையும் தட்டிப் பார்த்தேன். நண்பர் சிரித்தார். காற்றழுத்தம் பார்க்கும் கருவி அவரிடம் இருந்தது. ஆனால் தட்டும்போது வரும் ஓசையைக் கேட்காமல் மலைச்சாலையில் வண்டியை எடுக்க என் மனம் ஒப்பவில்லை.

கிரீலிலிருந்து பாத்தோபிலாஸ் என்ற ஊருக்கு இறங்குவதுதான் எங்கள் பயணத்தின் உயிர்நாடி. அந்த ஊர் 600 மீட்டருக்கும் கீழே, ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்பு முழுக்க மண்பாதையாக இருந்த இறக்கத்துக்கு இப்போது தார் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் சாலை குறுகல். பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. மேலிருந்து உருண்டு வந்த கற்கள் வளைவுக்கு வளைவு கிடந்தன. நண்பர் வண்டியை என்னிடம் கொடுத்தார். “ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர்” என்று நீங்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லித்தருவீர்களே, அதை மனத்தில் வைத்துக்கொண்டு, செகண்டுக்கு மேல் போகாமல், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு, எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்கினேன். எங்களுக்கு முன்னால் போன ஒரு கார் கீழே எங்கோ ஓரங்கட்டி நின்றிருந்தது; பிரேக் கட்டை கருகிய வாடை அந்த வளைவு முழுக்க அடித்தது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. நான் ஒதுங்கி நின்ற ஒவ்வொரு முறையும் எதிரில் வந்தவர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினோம், பிறகு கண்ணாடிகளை இறக்கினோம். பைன் போய் ஓக் எனும் கருவாலி வந்தது. கருவாலி போய்க் கள்ளியும் முள்மரமும் வந்தன. லா பூஃபா என்ற ஊரைத் தாண்டி ஆற்றை ஒட்டியபோது, மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூவும் மாமரமும் வந்துவிட்டன. மரங்களில் சின்னஞ்சிறு பிஞ்சுகள் தொங்கின. வடுமாங்காய் போட ஏற்ற பருவம்! இந்த ஊர்க்காரர்கள் பழுக்கும்வரை காத்திருப்பவர்கள் என்று அறிந்து அம்மாவை நினைத்து வருந்தினேன். ஸ்பானியர்களின் கப்பல்கள் மணிலாவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து மாங்கன்றுகளை இங்கே கொண்டுவந்தன. இன்றும் ஒரு வகை மாம்பழத்துக்கு மணிலா என்றே பெயர். நம் ‘மாங்காய்’தான் போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, இவர்களிடம் ‘மங்கோ’வாக வந்து நிற்கிறது என்று நண்பருக்கு விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பாத்தோபிலாஸ் வெள்ளியால் பிழைத்த ஊர். அலெக்சாண்டர் ஷெப்பர்டு என்ற அமெரிக்கர் 1880இல் இங்கே சுரங்கம் நடத்தக் குடும்பத்தோடு வந்து, 1902இல் இங்கேயே இறந்தார். அவருடைய ஆலையின் இடிந்த சுவர்கள் ஆற்றின் மறுகரையில் கொடி படர்ந்து நிற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே வருவதற்கு முன் வாஷிங்டனை நிர்வகித்தவர் அவர். அந்நகரின் புழுதித் தெருக்களுக்கெல்லாம் தளம் போட்டுக் கடனில் மூழ்கடித்தவர் என்று பேர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவரின் வெள்ளிக் கட்டிகள் சிவாவா நகரம் போய்ச் சேர வண்டிப்பாதைகூட இல்லை. கோவேறு கழுதைகளின் முதுகில்தான் மலை ஏறின. நாங்கள் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்கிய அதே உயரத்தை அவை சுமையோடு ஏறியிருக்கின்றன.

அடுத்த பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இந்த மலைகளில் போதைப்பொருள் கும்பல்களின் நடமாட்டம் உண்டு. 2022 ஜூனில் செரோகாவி என்ற ஊரின் தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு முதிய ஏசு சபைக் குருமார்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே இங்கே எங்களுக்குச் சில விதிகள் இருந்தன: இருட்டிய பின் வண்டி ஓட்டுவதில்லை, முன்பின் தெரியாத கிளைப்பாதையில் கேட்காமல் நுழைவதில்லை, யாரையும் கேட்காமல் படம் எடுப்பதில்லை. ‘போகலாம், ஆனால் இன்று வேண்டாம்’ என்று ஊரார் சொன்னால் மறுபேச்சில்லை. நான் அசட்டுத் துணிச்சலோடு போகவில்லை என்பதை நீங்களாவது நம்ப வேண்டும்.

மூன்றாம் நாள் ஆற்றோரமாகச் சாத்தெவோ தேவாலயம் வரை போனோம். ஆளரவமற்ற பள்ளத்தில், வெள்ளைக் குவிமாடங்களோடு, இவ்வளவு பெரிய கோயிலை யாருக்காகக் கட்டினார்கள் என்று திகைக்க வைக்கும் கட்டடம் அது. அதற்கு அப்பால் தார் இல்லை. மலையைத் தாண்டி ஊரிக்கேக்குப் போகும் மண்பாதையைப் பிடித்தோம். அங்கேதான் நான்கு சக்கர இழுவையின் அருமை தெரிந்தது. இந்த வண்டியில் கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அதை லோவுக்குத் தள்ளினால், வேகம் இரண்டரை மடங்கு குறைந்து இழுவிசை அதே அளவு கூடுகிறது. ஆள் நடக்கும் வேகத்தில், காலை எதிலும் வைக்காமலே, வண்டி கல்லின் மேல் ஏறி இறங்குகிறது. டயர் காற்றை 35இலிருந்து 24க்கு இறக்கியிருந்தோம். டயர் கல்லைச் சற்றே கவ்விப் பிடிக்கும்.

ஆனால் அதே தளர்ந்த டயர்தான் காலை வாரியது. ஒரு திருப்பத்தில் கூரான கல் ஒன்று பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. மிதிபரப்பில் ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். சரிவில் ஜாக்கி நிற்க மறுத்தது. அப்போது மேலிருந்து ராராமுரி இனத்தவர் ஒருவர் ஓசையில்லாமல் இறங்கி வந்தார். இந்த மலைகளின் பழங்குடியினர் அவர்கள். பல நாழிகை நிற்காமல் ஓடும் ஓட்டத்துக்குப் பெயர்பெற்றவர்கள். முந்தைய நாள் வழியில் கேட்ட புனித வாரத்து மத்தளங்களும் அவர்களுடையவைதாம். எங்கள் விரல் நுனிகளைத் தன் விரல் நுனியால் தொட்டு வணக்கம் சொன்னவர், சக்கரங்களுக்குப் பின்னால் கற்களை அண்டை கொடுத்து, ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைக் கல்லையும் வைத்தார். அரைமணியில் வேலை முடிந்தது.

பணம் கொடுத்தபோது அவர் அதைவிடக் கிழிந்த டயரையே அதிகம் பார்த்தார். அவர் காலிலிருந்த செருப்பின் அடி பழைய டயர்தான். தோல்வாரால் கணுக்காலில் கட்டியிருந்தார். நம் ஊர்ச் சந்தையில் நீங்கள் எனக்கு வாங்கித் தந்த டயர் செருப்பு உடனே நினைவுக்கு வந்தது. எத்தனை ஜோடி தேறும் என்று நண்பர் கேட்டார். அவர் கையால் அளந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் சிரித்தார். டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே ஏறிப் போனார்.

இருந்த ஒரே ஸ்டெப்னியும் போட்டாயிற்று. இன்னொரு கல் கிழித்தால் அந்தப் பாதையிலேயே இராத் தங்க வேண்டும். ஊரிக்கேயைப் பார்த்தே தீர வேண்டும் என்று நண்பர் துடித்தார். நான் திரும்பலாம் என்றேன். வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காமல் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் ரிவர்சிலேயே வந்தேன். நண்பர் முன்னால் நடந்து வழி காட்டினார்.

புது டயருக்கு நான்தான் பணம் கொடுத்தேன். சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்துவிட்டது. அடுத்த மாதம் அனுப்பும் தொகை கொஞ்சம் குறையும், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மழை ஜூலையில் தொடங்கும். அதற்கு முன் இரண்டு ஸ்டெப்னியோடு மறுபடி போகத் திட்டம். சரிவில் ஜாக்கி வைக்கும்போது வண்டி நழுவாமலிருக்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்