அந்த ராணி வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே பிரான்சில் நானும் அப்பாவும் நலம். மோன்பெலியேவில் மழை ஓய்ந்து, காலையில் கொஞ்சம் குளிர் தொடங்கிவிட்டது. பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை அப்பா உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தாய். அந்த அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். என் பிறந்தநாளுக்கு என்று நீ பார்த்து வைத்திருக்கிற அந்த ஆப்பிரிக்க ராணி எறும்பை வாங்காதே. பணம் கட்டியிருந்தால் வேண்டாம் என்று எழுதிக் கேட்டுப் பார். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று நீ யோசித்துத் தேடியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்தச் சந்தோஷமே போதும்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது மெஸ்ஸோர் செஃபலோட்டீஸ். கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்கிற, விதை சேர்த்து வைக்கிற அறுவடை எறும்பு. நான் வீட்டில் வளர்க்கிற மெஸ்ஸோர் பார்பாருசுக்கு உறவுதான், ஆனால் உருவத்தில் அதைவிடப் பெரியது. ஐரோப்பாவில் எறும்பு வளர்க்கிறவர்கள் அதற்கு எவ்வளவு விலையும் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அதன் விளைவைக் கேள். 2025 ஏப்ரலில் கென்யாவின் நைவாஷாவில் ஒரு விடுதி அறையில் இரண்டு பெல்ஜியப் பையன்கள் பிடிபட்டார்கள். இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள். அவர்களிடம் ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகள் இருந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் பஞ்சு. அதே சமயத்தில் வேறு இரண்டு பேர் சில நூறு எறும்புகளோடு சிக்கினார்கள். மே மாதம் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டது. கட்டாவிட்டால் ஒரு வருடம் சிறை. நீ இப்போது இருக்கிற நாட்டுப் பிள்ளைகள்தான். எறும்பு பிடிக்கும் என்பதால் செய்தோம், இது குற்றம் என்று தெரியாது என்றார்களாம்.

அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 5,000 ராணி என்றால் என்ன என்று யோசித்துப் பார். ஒவ்வொன்றும் தன் கூட்டை விட்டுப் பறந்து, ஆணோடு சேர்ந்து, இறங்கி, இறக்கையை உதிர்த்துவிட்டு, மண்ணைத் தோண்டிப் புதுக் கூடு தொடங்கப் போகிற நேரத்தில் பிடிக்கப்பட்டது. அத்தனை கூடுகளும் தொடங்காமலே போயின. புல்விதையை இழுத்துக்கொண்டு போய் வழியில் சிந்தி, புதுப்புது இடத்தில் புல் முளைக்கச் செய்வது இந்த எறும்புகள்தான். கெட்டித்துப்போன மண்ணைக் குடைந்து, காற்றும் மழைநீரும் உள்ளே இறங்க வழி செய்வதும் இவைதான். கடைக்காரர் "இங்கேயே வளர்த்தது" என்று சொன்னால் சுலபத்தில் நம்பாதே. இவை கூடுவதற்குத் திறந்த வானம் வேண்டும். வீட்டுப் பெட்டிக்குள் இனம் பெருக்குவது அரிது. ஆக, விலைக்கு வருகிற ராணி பெரும்பாலும் ஏதோ ஒரு மண்ணிலிருந்து எடுத்து வந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் இருப்பது இந்த ஊர் எறும்பு. செப்டம்பர், அக்டோபரில் முதல் பெருமழை பெய்து வெயில் அடிக்கிற நாளில் இறக்கை முளைத்த ராணிகள் பறக்கும். மாலையில் பார்த்தால் நடைபாதையெல்லாம் இறக்கை உதிர்த்த ராணிகள் ஓடிக்கொண்டிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் செருப்புக் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக் கொண்டு வந்தேன். நாளைக்கே என்னால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், ஊருக்கு வெளியே உள்ள புதர்க்காட்டில் அது பிறந்த மண்ணிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம். கென்யாவிலிருந்து வந்ததை எங்கே விடுவது? தப்பி வெளியே போனால், இந்த மண்ணுக்கு அது என்ன செய்யும் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த ஊர் எறும்பு சாதாரணமானது என்று நீ நினைத்திருக்கலாம். நீ இங்கே வந்திருந்தபோது அது சோதனைக் குழாய்க்குள் இருந்தது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. குழாயின் அடியில் தண்ணீர், அதைத் தடுக்க அழுத்திய பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு, மேலே ஒரு கருப்புத் துணி. ராணி முதல் பிள்ளைகளை வளர்க்கிற காலம் முழுக்க ஒன்றுமே சாப்பிடாது. பறப்பதற்கென்று இருந்த தசை இனி தேவையில்லை. அது கரைந்து முட்டைக்கும் அதிலிருந்து வரும் புழுவுக்கும் உணவாகிறது. நாம் செய்ய வேண்டியது தொந்தரவு செய்யாமல் இருப்பது மட்டும்தான். அடிக்கடி வெளிச்சம் காட்டி, குழாயை அசைத்துப் பார்த்தால் ராணி பயந்து தன் முட்டையையே தின்றுவிடும். ஆர்வத்தில் பார்த்துப் பார்த்தே கூட்டத்தை இழந்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் வந்த வேலைக்காரிகள் மிகவும் சின்னவர்கள். வேலை செய்கிற எறும்புகள் எல்லாமே பெண்கள், அது உனக்குத் தெரியும். இப்போது வந்து பார். பெரிய தலைக்காரிகள் வந்துவிட்டார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், செம்பழுப்புத் தலை, அதில் பாதி தாடைத் தசைதான். கெட்டி விதையை உடைப்பது அவர்கள் வேலை. உடைந்ததைச் சின்னவர்கள் வாங்கி, எச்சில் சேர்த்து மென்று மென்று ஒரு பசை செய்கிறார்கள். எறும்பு ரொட்டி என்று இங்கே சொல்கிறார்கள். புழுவுக்கு ஊட்டுவதும் அதைத்தான். மாவாட்டும் சத்தம் ஒன்றும் கேட்காது என்றாலும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எந்நேரமும் மாவாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கூடு இப்போது அக்ரிலிக்கில். ஜிப்சத்தில் செய்ததை இந்த வகை கடித்தே துளைத்துவிடும் என்று முன்பே படித்திருந்தேன். ஒரு பக்கம் மட்டும் ஈரம், மறுபக்கம் காய்ந்து இருக்க வேண்டும். முட்டையும் புழுவும் ஈரப்பக்கம், விதைக் களஞ்சியம் காய்ந்த பக்கம். இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அவர்களே பிரித்து வைத்துக்கொண்டார்கள். நம்ம கடையில் வாங்குகிற கேழ்வரகும் தினையும் கசகசாவும் போடுகிறேன். தோட்டத்தில் விதைப்பதற்கென்று விற்கிற பாக்கெட்டை மட்டும் தொடமாட்டேன், அதில் பூச்சிமருந்து தடவியிருப்பார்கள். வாரத்தில் ஓரிரு முறை மாவுப்புழுத் துண்டு ஒன்று; எறும்புப் புழுக்கள் வளர அந்தச் சத்து வேண்டும். தின்று முடித்த உமியை எல்லாம் பெட்டியின் ஒரே மூலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்தக் குப்பைமேட்டை அள்ளினால் போதும், வேறு சுத்தம் செய்ய வேண்டியதில்லை. பெட்டியின் விளிம்பில் பாரஃபின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி வைத்திருக்கிறேன், அதைத் தாண்டி ஏற மாட்டார்கள். அப்பாவின் பயம் அதனால்தான் போனது.

ஈரம் பட்டு முளைவிட்ட விதையை என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததிலிருந்து இவற்றின் மேல் எனக்குத் தனி மதிப்பு. முளையின் நுனியைக் கடித்து எடுத்துவிட்டு, வெளியே கொண்டுவந்து காயவைத்து, மறுபடி உள்ளே கொண்டுபோகிறார்கள். காரைக்காலில் உன் ஆயா வீட்டுக்குப் பின்னால், திடல் ஓரத்தில், மழை விட்ட மறுநாள் எறும்பு வளையைச் சுற்றிப் புல்லரிசி பரப்பியிருக்கும். மிதிக்காமல் தாண்டிப் போ என்று ஆயா சொல்வார்கள். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, ஐரோப்பாவின் பெரிய பெரிய இயற்கை அறிஞர்கள் எறும்பு தானியம் சேர்க்கும் என்பதையே வெகுநாள் நம்பவில்லை. அவர்கள் ஊர் குளிர் நாடு, அங்கே இருந்த எறும்புகள் சேர்ப்பதில்லை. அதனால் பழங்காலத்தார் சொன்னதெல்லாம் கட்டுக்கதை, அவர்கள் பார்த்தது எறும்பு முட்டையாக இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அதை மாற்றியவர் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். நெஞ்சு நோய்க்காகக் குளிர்காலத்தைக் கழிக்க இந்தக் கடற்கரையில் உள்ள மான்தோனுக்கு வந்தவர். என்னிடம் இருக்கிற இதே எறும்பின் கூட்டைத் தோண்டி, தளம் தளமாக விதைக் களஞ்சியங்கள் இருப்பதைக் கண்டு, 1873-ல் எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார், முப்பத்திரண்டு வயது. அவர் நியாயமாக இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: இந்தியாவில் இருந்தவர்கள் இதை முன்பே பார்த்து எழுதிவிட்டார்கள். பூனாவில் சைக்ஸ் என்ற படை அதிகாரி, மழைக்குப் பின் எறும்புகள் புல்விதையை வெளியே குவித்துக் காயவைப்பதைக் குறித்து வைத்தார். நம்ம பக்கம் ஜெர்டன் என்ற மருத்துவர் தென்னிந்திய எறும்புகளை எல்லாம் பட்டியலிட்டு 1851-ல் மெட்ராசில் வெளியிட்டார். தானியம் சேர்க்கிற எறும்புகளும் அதில் உண்டு. ஆயாவிடம் கேட்டிருந்தால் இத்தனை வருடச் சண்டை வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

சாதாரண எறும்பு இல்லை என்றேனே, இதையும் கேள். பார்பாருஸ் ராணிகளில் இரண்டு பரம்பரை உண்டாம். தன் பரம்பரை ஆணோடு சேர்ந்தால் புது ராணி பிறக்கும். மற்றப் பரம்பரை ஆணோடு சேர்ந்தால்தான் வேலைக்காரிகள். இரண்டு வகை ஆணும் கிடைக்காவிட்டால் அந்தக் கூடு விளங்காது. அதாவது என் பெட்டியில் ஓடுகிற அத்தனை பேரும் கலப்பு. 2025-ல் நம்ம மோன்பெலியே பல்கலைக்கழகத்து ஆட்கள் இதையும் மிஞ்சுகிற ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மெஸ்ஸோர் இபெரிக்குஸ் என்ற இன்னொரு வகையின் ராணி, தன் இனத்து ஆணையும் பெறுகிறது, ஸ்ட்ரக்டர் என்ற வேறு இனத்து ஆணையும் பெறுகிறது. ஒரே தாய், இரண்டு இனத்துப் பிள்ளைகள். அந்த வேறு இனம் வாழாத சிசிலியில்கூட இது நடக்கிறது. டிராமில் போனால் எட்டுகிற தூரத்தில் இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்கும்போது, பெரிசாக இருக்கிறது என்பதற்காகக் கடல் தாண்டி ஒரு ராணியை வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், விளக்கு வைத்த நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கு. தாடை வேலையை இப்போது இருக்கிற கண்ணாடியில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அதைவிட நான் உன்னிடம் கேட்க நினைப்பது வேறு. இந்த வகை ராணி பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. எனக்கு அறுபது ஆகிறது. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அதன் ஆயுசு முழுக்கப் பொறுப்பு நம்முடையது. நான் ஊருக்குப் போகிற மாதங்களில் அப்பா தண்ணீர் வைப்பார், அதற்கு மேல் அவருக்கு ஓடாது. நீ கற்றுக்கொள்கிறாயா? விருப்பம் இல்லை என்றால் நேராகச் சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன். எப்போது, எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சரி என்றால் கிறிஸ்துமஸ் லீவில் வந்து பிரயோஜனம் இல்லை. நவம்பர் கடைசியில் பெட்டியைக் கீழே நிலவறைக்குக் கொண்டுபோய்விடுவேன். பத்துப் பதினைந்து டிகிரிக் குளிரில் பிப்ரவரி முடியும்வரை ஒடுங்கிக் கிடப்பார்கள். அந்த ஓய்வு அவர்களுக்கு வேண்டும். தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது தவிர வேறு வேலை இல்லை. மார்ச் முதல் வாரம் மேலே கொண்டுவருவேன். அப்போது ஒரு வாரம் லீவு போட்டு வா. தேதியை முன்கூட்டியே சொன்னால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஸ்டேஷனுக்கு அப்பா வந்து நிற்பார்.

அன்புடன்,
அம்மா